செத்தால்தான் மாடா?

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருளுண்டு. அஃது அகரமுதலி தொகுத்தார் வலிந்து கூட்டிய பொருளன்று. ஆநிரையே செல்வமாக இருந்த காலத்தில் மக்கள் வாயில் தானே விளைந்த பொருள். திருவள்ளுவர் கல்வியதிகாரத்தை முடிக்குமிடத்துச் செல்வம் என்னும் பொருளிலேயே இச்சொல்லை ஆண்டிருத்தலைத் தமிழ் பயின்றார் யாவரும் அறிவர். தொல்காப்பியர் புறத்திணையைத் தொடங்குவதே ஆநிரை பற்றிய வெட்சியைக் கொண்டுதான். ஆநிரை மீட்கச் சென்று களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு வழிபட்ட இனம் நம் இனம். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுத்த பழந்தமிழ் எழுத்து நடுகல்லில் ‘ஆகோள்’ என்னும் சொல் பொறிக்கப்பட்டுள்ளது. இலக்கணத்தில் நாம் படித்த அதே சொல், ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய கல்லில் இருக்கின்றது!

இவ்வளவு பெருமையும் பேசிவிட்டு, இன்று நம் கண்முன் நடப்பதைப் பாருங்கள். உயிரோடு தெருவில் நடக்கும் மாடு அரசின் கணக்கில் இடையூறு. அதற்கு ஒறுப்புத்தொகை உண்டு. வெள்ளத்தில் கழுத்தளவு நீரில் நிற்கும் மாடு அரசின் கணக்கில் இல்லவே இல்லை. அதற்குத் தாளும் இல்லை, பணமும் இல்லை. அம்மாடு செத்து, செத்த உடல் அலுவலர் வரும்வரை கிடந்து, கூறாய்வு முடிந்து, சான்றில் முத்திரை விழுந்தால்தான் அது மாடாகின்றது. அதற்கு 37,500 உருபா விலையும் ஏற்படுகின்றது. செத்தால்தான் மாடா? இவ்வினாவை நான் பொழுதுபோக்காகக் கேட்கவில்லை. என் ஊரில், என் கையெழுத்துப் பட்ட ஒரு தாளால் கேட்க நேர்ந்தது.

இராசகீழ்ப்பாக்கத்தில் ஒரு தொழுவம்

பாக்கம் என்பது நீரருகே அமைந்த ஊர்க்குப் பெயர். செம்பாக்கம், மாடம்பாக்கம், இராசகீழ்ப்பாக்கம் என்று தாம்பரத்தின் கீழ்ப்புறத்து ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே ஏரிகளும் ஓடைகளும் கண்முன் வரும். மாடம்பாக்கத்துச் சோழர்காலச் சிவன்கோவிலின் ஊர்க்கதையும் ஓர் ஆவைப் பற்றியதே. ஆவொன்று நாடோறும் ஓரிடத்திற் பால்சொரிந்தது என்றும், அவ்விடத்தே இறைவன் வெளிப்பட்டான் என்றும் கூறுவர். அவ்விறைவனுக்குத் தேனுபுரீசுவரர் என்று வடமொழியிற் பெயர் வழங்குகின்றது. தேனு என்றால் ஆ. ‘ஆவூருடையார்’ என்று சொல்லியிருந்தால் பால் கறக்கும் பெண்ணுக்கும் விளங்கியிருக்கும். அது நிற்க.

இராசகீழ்ப்பாக்கத்தில் என் வீட்டிற்கு நான்கு தெரு தள்ளி ஓர் அம்மையார் இருந்தார். அகவை அறுபதைக் கடந்தவர். கணவர் இல்லை. இரண்டு கலப்பினக் கறவைகளும் ஒரு கிடேரிக் கன்றும் அவருடைய உடைமை. தொழுவம் என்பது, பிறர் மனையொன்றில் திங்கள்தோறும் வாடகை கொடுத்துப் போட்ட தகரக் கொட்டகை. விடியுமுன் கறந்து, முப்பது வீடுகளுக்கு ஊற்றிவிட்டு, வீடுவீடாகக் கழுநீர் வாங்கிக்கொண்டு திரும்புவார். என் பிள்ளைகள் இருவரும் அவர் ஊற்றிய பாலிற்றான் வளர்ந்தனர்.

2023ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 3, 4ஆம் நாள்களில் மிக்சாம் புயல் சென்னையையும் செங்கற்பட்டையும் சூழ்ந்து கொட்டியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதற்கு எட்டாண்டுகட்கு முன், 2015 திசம்பரின் முதல் நாளில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்து எல்லாரையும் கலங்கடித்தது. அந்நினைவில் அவ்வம்மையார் இரவெல்லாம் தொழுவத்திலேயே இருந்தார். நீர் மார்பளவு ஏறியபோது அரிவாளாற் கயிறுகளை அறுத்துவிட்டார். ஒரு மாடு நீந்தித் தெருமுனைத் திண்ணை ஒன்றில் ஏறி நின்றது. மற்றொன்று நிறைசினை. அதனால் எழ முடியவில்லை. கன்று இருளில் எப்பக்கம் போயிற்றென்றே தெரியவில்லை.

நீர் வடிந்தபின் சினைமாட்டின் உடல் ஒரு சுற்றுச்சுவரோரம் கிடந்தது. நாற்றம் பொறாத தெருவினர் முறையிட, துப்புரவுப் பணியாளர் அதனைச் சரக்குந்தில் ஏற்றிச் சென்றனர். அவர்கள் செய்தது தவறன்று. நோய் பரவாமற் காத்தனர். ஆனால் அடுத்த சில நாள்களில் இழப்பீட்டிற்கான வேண்டுகை எழுத அவ்வம்மையார் என்னிடம் வந்தபோது, காட்டுவதற்கு அவரிடம் உடல் இல்லை. அறுந்த கயிறுதான் இருந்தது.

நான் எழுதினேன். என் தமிழறிவை எல்லாம் அதில் இறக்கினேன். நான்கு பக்கம். ‘நிவாரணம்’ என்று வந்த இடமெல்லாம் ‘துயர்நீக்கத் தொகை’ என்று மாற்றினேன். வாயில்லா உயிர் என்றும், பெற்ற பிள்ளை போன்றது என்றும், அரசு தாய்போல இரங்கவேண்டும் என்றும் எழுதினேன். அத்தாள் மூன்று கிழமை கழித்து இரண்டே வரிக் குறிப்புடன் திரும்பியது: கூறாய்வுச் சான்று இணைக்கப்படவில்லை, ஏற்பதற்கில்லை. கன்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

‘தண்ணி கொண்டுபோனதுக்கு அடையாளம் கேக்கிறாங்க ஐயா’ என்று அவர் சொன்னார். அழவில்லை. அன்று நான் எழுதிய நான்கு பக்கத்தினும் அவர் சொன்ன அவ்வொரு வரியே நல்ல தமிழ்.

எஞ்சிய மாடும் குளிரில் நின்றதால் மடிநோய் கண்டு பால் வற்றிவிட்டது. அரசு பாதிப்புற்ற குடும்பங்கட்குப் பங்கீட்டுக் கடை வழியாகக் கொடுத்த 6,000 உருபா அவருக்கும் கிடைத்தது. அதனைத் தவிடும் பிண்ணாக்கும் மருந்தும் தின்றன. பொங்கல் கழிந்து, மாட்டுப்பொங்கலும் கழிந்து, அந்த மாட்டைத் தரகர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டார். இன்று அவர் ஓர் அடுக்ககத்தில் ஏனங் கழுவுகின்றார்.

அளவுகோல் யாருடையது?

இது ஓர் அலுவலகத்தின் ஈரமின்மை என்று சொல்லி முடித்துவிட்டால் நாம் எதையும் அறிந்தவராக மாட்டோம். அவ்வலுவலர் தம் கையிலிருந்த அளவுகோலைத்தான் பயன்படுத்தினார். அவ்வளவுகோல் எங்கே செய்யப்பட்டது என்பதைக் காணவேண்டும்.

பேரிடர் நேர்ந்தால் மாநிலங்கள் செலவிட வேண்டிய வைப்புத்தொகையில் நூற்றுக்கு 75 பங்கு நடுவணரசுடையது. 25 பங்கு மாநிலத்துடையது. எதற்கு எவ்வளவு என்னும் அளவுகளை வகுப்பது தில்லியில் உள்ள உள்துறை. 2015ஆம் ஆண்டு வகுத்த அளவின்படி ஒரு கறவைமாட்டிற்கு 30,000 உருபா. ஓர் ஆட்டிற்கு 3,000. ஏழாண்டுக்காலம் அவ்வளவு அசையவில்லை. தவிட்டு விலை அசைந்தது, வைக்கோல் விலை அசைந்தது, மாட்டின் விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. பின்னர் 2022 முதல் 2026 வரையிலான காலத்திற்கென வகுத்த அளவில் கறவைமாட்டிற்கு 37,500, ஆட்டிற்கு 4,000, உழவெருதிற்கு 32,000, கன்றுக்கு 20,000, கோழியொன்றிற்கு 100 உருபா என்றாயின. தமிழக அரசு 2023 திசம்பர் 9ஆம் நாள் மிக்சாம் புயலுக்கான அறிவிப்பில் கறவைமாட்டிற்கு 37,500 என்றும் ஆட்டிற்கு 4,000 என்றும் உயர்த்தியது. 2024 திசம்பரில் பெஞ்சல் புயல் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களைச் சிதைத்தபோதும் அவ்வளவுகளே அறிவிக்கப்பட்டன.

இவ்வளவுகோலில் மேலும் சில முடிச்சுகள் உள்ளன. ஒரு குடும்பம் எத்தனை பெரிய கறவைகளை இழந்தாலும் மூன்றிற்குமேல் இழப்பீடு இல்லை. ஆடுகளாயின் முப்பதிற்குமேல் இல்லை. பத்து மாடு கட்டியிருந்தவன் பத்தையும் இழந்தால், ஏழு மாடுகள் எக்கணக்கிலும் சேராமற் போகும். அவன் பட்ட கடனோ பத்து மாட்டிற்கும் உரியது!

நடுவணரசின் கை எவ்வளவு தாராளமானது என்பதையும் சொல்லவேண்டும். மிக்சாம் புயலுக்கும், அதே திங்களில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களை மூழ்கடித்த பெருவெள்ளத்திற்குமாகத் தமிழக அரசு கேட்ட தொகை ஏறத்தாழ 37,907 கோடி உருபா. 2024 ஏப்பிரலில் தில்லி விடுவித்தது ஏறத்தாழ 276 கோடி. அதுவும் தமிழக அரசு உச்ச முறைமன்றத்தின் படியேறிய பின்னர். கேட்டதெல்லாம் கிடைக்குமென்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆயினும் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாத ஒன்றை உதவி என்று எப்பெயரால் அழைப்பது?

ஆயினும் பழியனைத்தையும் தில்லியின் வாயிலிற் கொட்டிவிட்டு நாம் கைகழுவுதல் கூடாது. தில்லி வகுத்த அளவுக்கு மேல் தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்க மாநிலத்திற்குத் தடையில்லை. சான்றினை எப்படிப் பெறுவது, எத்தனை நாளில் கொடுப்பது, உடல் கிடைக்காதபோது என் செய்வது என்பனவெல்லாம் இங்கே, தமிழரே அமர்ந்திருக்கும் அலுவலகங்களில், தமிழராலேயே முடிவு செய்யத்தக்கவை.

பால்கணக்கு

37,500 என்பது பெருந்தொகையாகத் தோன்றலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். புயலடித்த நாளில் ஆவின் கொள்முதல் செய்த ஆவின்பாலுக்கு இலிட்டருக்கு 35 உருபா. நாளொன்றுக்குப் பத்து இலிட்டர் கறக்கும் மாடு 350 உருபா ஈட்டும். 37,500 உருபா என்பது 107 நாளின் பால்விலை. அஃதாவது மூன்றரைத் திங்கள். ஒரு கலப்பின மாடு ஓர் ஈற்றுக்கு ஏறத்தாழ முந்நூறு நாள் கறக்கும். ஆகவே, ஓர் ஈற்றின் வருவாயில் மூன்றிலொரு பங்கைக் கொடுத்துவிட்டு, மாடு முழுவதற்கும் விலை கொடுத்ததாக அரசு எழுதிக்கொள்கின்றது. அத்தொகையோடு சந்தைக்குச் சென்றவர், பால்மாட்டைப் பிடித்து வருவதில்லை. கன்றோ கிழமாடோ பிடித்து வருவர், அல்லது வெறுங்கையோடு திரும்புவர்.

இஃது இறந்த மாட்டின் கணக்கு. இறவாத மாட்டின் கணக்கே இதனினும் கொடிது. வெள்ளத்தில் வைக்கோற்போர் அழுகும். மேய்ச்சல்நிலம் சேற்றில் மூழ்கும். நீர் வடிந்தபின் தொண்டையடைப்பான், சப்பைநோய், காணைநோய் என்று ஒவ்வொன்றாய் வரும். பால் பாதியாகும், சினை கலையும். இவையெல்லாம் நேர்ந்தும் உயிர்மட்டும் போகாதிருந்தால் உடையவனுக்குக் காசொன்றும் இல்லை. மாட்டைக் காப்பாற்றியவனுக்கு ஒன்றுமில்லை, சாகவிட்டவனுக்கு 37,500 என்றால், இவ்வளவுகோல் எவ்வகை அறத்தைக் கற்பிக்கின்றது? இரவெல்லாம் நீரில் நின்று கயிறறுத்த அம்மையாரின் உழைப்பிற்கு இதில் ஒரு வரியேனும் உண்டா?

தில்லியின் அளவிலேயே மற்றொரு வரி இருக்கின்றது. கால்நடை முகாம்களில் வைத்துப் பேணினால் பெரிய மாட்டிற்கு நாளொன்றுக்கு 80 உருபாவும் சிறியதற்கு 45 உருபாவும் தீவனத்திற்குச் செலவிடலாம் என்பது அது. தமிழகத்திற்கும் இது புதிதன்று. 2017ஆம் ஆண்டு வறட்சியில் உலர்தீவனக் கிடங்குகள் திறந்து கிலோ 2 உருபாவிற்கு வைக்கோல் கொடுத்தோம். வறட்சிக்குச் செய்ததை வெள்ளத்திற்குச் செய்ய என்ன தடை? சிற்றூருக்குச் செய்ததைத் தாம்பரத்துப் புறநகருக்குச் செய்ய என்ன தடை? புயல் வருமென்று நான்கு நாள் முன்பே வானிலையாளர் சொல்கின்றனர். மாந்தர்க்குப் பள்ளிக்கூடங்களைத் திறந்துவிடுகின்றோம். அவ்வூரின் மேட்டுநிலம் ஒன்றில் நான்கு கூரை போட்டு, இரண்டு வண்டி வைக்கோல் இறக்கினால், சாவிற்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறுபங்கால் சாவையே தடுத்துவிடலாமே!

மறுப்புரைக்கு மறுமொழி

நண்பர் சிலர் மறுப்பர். முதலாவது, சான்றில்லாமற் கொடுத்தால் இல்லாத மாட்டிற்கெல்லாம் பணம் கேட்பர் என்பது. இவ்வச்சம் பொய்யன்று. அரசுப்பணம் மக்கள்பணம், ஏமாற்றுவாரிடமிருந்து அதனைக் காக்கவேண்டும். ஆயின் பிணம் ஒன்றுதானா சான்று? இன்று மாடுகளுக்குக் காதில் வில்லை குத்தி, அதில் பன்னிரண்டு இலக்க எண் பொறிக்கின்றனர். 2019இல் தொடங்கிய நாடளாவிய விலங்குநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் காணைநோய்த் தடுப்பூசி போடும்போது அவ்வெண்ணைக் கணினியில் ஏற்றுகின்றனர். கூட்டுறவுக் கழகத்திற்குப் பால் ஊற்றுவோரின் அளவு நாடோறும் ஏட்டில் ஏறுகின்றது. ஒரு மாடு இருந்ததற்கு இவை சான்றாகா எனில், எதற்காக இவ்வேடுகள்?

அமெரிக்க நாட்டில் கால்நடை இழப்பீட்டுத் திட்டம் ஒன்றுள்ளது. புயலாலும் பனியாலும் இறந்த கால்நடையின் சந்தைமதிப்பில் 75 விழுக்காடு கொடுக்கின்றனர். அங்கும் சான்று கேட்கின்றனர். ஆனால் உரிய ஏடுகள் கிடைக்காவிடில், நேரிற் கண்ட பிறர் ஒருவர் எழுதித்தரும் உறுதிமொழியை ஏற்க வழிவைத்துள்ளனர். எங்கள் தெருவில் அச்சினைமாடு கிடந்ததை நாற்பது பேர் கண்டனர். துப்புரவுப் பணியாளர் நால்வர் தூக்கினர். ஒருவரும் வினவப்படவில்லை.

இரண்டாவது மறுப்பு, நகரில் மாடு எதற்கு என்பது. தெருவிற் திரியும் மாடுகளால் குழந்தைகளும் முதியோரும் முட்டுண்டது மெய். அதனைச் சிறிதாக்கிப் பேசுவேன் அல்லேன். சென்னை மாநகராட்சி 2024ஆம் ஆண்டு ஒறுப்புத்தொகையை முதன்முறைக்கு 10,000 உருபா, மறுமுறைக்கு 15,000 என்று உயர்த்தியதற்கும் அதுவே கரணியம். ஆனால் மாடு நகருக்குள் வந்ததா, நகர் மாட்டின் மேல் வந்ததா என்று கேட்கவேண்டும். இப்பக்கத்து ஊர்கள் ஒவ்வொன்றிற்கும் மேய்க்கால் நிலம் இருந்தது. ஏரிக்கரையும் வாய்க்கால்வரப்பும் இருந்தன. கீழே பள்ளிக்கரணைச் சதுப்பு இருந்தது. அவை மனைகளாயின, சாலைகளாயின, குப்பைமேடும் ஆயின. பேரூராட்சி நகராட்சியாயிற்று, 2021இல் செம்பாக்கமும் மாடம்பாக்கமும் தாம்பரம் மாநகராட்சியில் அடங்கின. தாளில் ஊர் மாறிய நாளில் மாடு தாளில் இல்லாததாயிற்று. நிலத்தை எடுத்துக்கொண்டு, நிலமின்றி நிற்கும் மாட்டிற்கு ஒறுப்புத்தொகை போடுவது முறையாகுமா?

மூன்றாவது மறுப்பு, அரசிடம் பணமில்லை என்பது. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படித் தமிழகத்தில் ஏறத்தாழ 95 இலக்கம் மாடுகளும் 99 இலக்கம் வெள்ளாடுகளும் 45 இலக்கம் செம்மறிகளும் உள்ளன. இவற்றுக்கெல்லாம் முழுவிலை கொடுக்கும்படி யாரும் கேட்கவில்லை. கென்ய நாட்டைப் பாருங்கள். செல்வத்தில் நம்மினும் மெலிந்த நாடு. 2015 முதல் அந்நாட்டரசு வறண்ட மாவட்டங்களின் மேய்ப்பர்க்குக் காப்பீடு செய்தது. மேலே சுழலும் செயற்கைக்கோள் கீழே புல் காய்வதைக் காண்கின்றது. புல் ஒரு வரம்பிற்குக் கீழே போனால் பணம் மேய்ப்பன் கைக்குப் போகின்றது. மாடு சாவதற்கு முன்பே, தீவனம் வாங்குவதற்காகப் போகின்றது! பிணம் காட்டவேண்டியதில்லை, கூறாய்வு வேண்டியதில்லை. நம்மிடம் செயற்கைக்கோள் இல்லையா? அதனைச் செலுத்துவோருள் தமிழர் இல்லையா?

நாம் கேட்பன

எனவே தெளிவாகச் சிலவற்றைக் கேட்போம்.

ஒன்று: உடல் கிடைக்காத இடத்தில் காதுவில்லை எண், தடுப்பூசி ஏடு, பால்கழக ஏடு, அண்டைவீட்டார் இருவரின் எழுத்துறுதி ஆகியவற்றைச் சான்றாக ஏற்கும் அரசாணை வேண்டும். செத்த மாட்டை அகற்றும் துப்புரவுப் பணியாளரே கைப்பேசியில் ஒளிப்படமெடுத்து, வில்லையெண்ணைக் குறித்துக்கொள்ளும் முறையும் வேண்டும்.

இரண்டு: உயிர்பிழைத்த மாட்டிற்கு, வெள்ளம் வடிந்தபின் ஒரு திங்களேனும் தீவனமும் மருந்தும் வேண்டும். இதற்கான பணவரி முன்பே அளவுகோலில் இருக்கின்றது. அதனைப் புறநகர்க்கும் நீட்டவேண்டும்.

மூன்று: தாழ்ந்த ஊர்கள் ஒவ்வொன்றிற்கும் ஒரு மேட்டுத்தொழு வேண்டும். எஞ்சியுள்ள மேய்க்கால் நிலங்களை அளந்து, எல்லைக்கல் நட்டு, இனியேனும் மனைபோடாமற் காக்கவேண்டும். மாடுகள் தெருவிற்கு வாராதிருக்கவும் அதுவே வழி.

நான்கு: மூன்று மாடு என்னும் வரம்பை நீக்கவேண்டும். தில்லி நீக்காதெனில், மிகுதிக்கு மாநிலம் தன் பணத்திற் கொடுக்கவேண்டும்.

ஐந்து: வேண்டுகைத் தாள் ஒரு பக்கத்தில் அடங்கவேண்டும், பால்கறப்பவர் தாமே படித்து நிரப்பும் தமிழில் இருக்கவேண்டும். என்னென்ன இணைக்கவேண்டும் என்று அதன் தலையிலேயே அச்சிட்டிருக்கவேண்டும்.

நமக்கும் ஒரு கடன்

ஐந்தாவது வேண்டுகையை எழுதும்போது என் கை சற்றுத் தயங்கியது. ஏனெனில் பழி என்மேலும் இருக்கின்றது. வேண்டுகை திரும்பி வந்து பல திங்கள் கழிந்தபின், அவ்வம்மையார் குடிபெயரும் நாளில் தம் தகரப்பெட்டியைத் திறந்தார். அதனுள், மஞ்சள்தாளில், கால்நடை மருந்தகத்தார் தடுப்பூசி போட்டுக் கொடுத்த அட்டை இருந்தது. செத்த மாட்டின் காதுவில்லை எண், பன்னிரண்டு இலக்கமும் தெளிவாக அதில் எழுதப்பட்டிருந்தது. ‘இது எதுக்காவது ஆகுமா ஐயா?’ என்று கேட்டார். நான்கு பக்கம் எழுதிய நான் அதனை ஒருமுறையேனும் கேட்டேனில்லை. அவ்வெண்ணை இணைத்திருந்தால் பணம் கட்டாயம் கிடைத்திருக்கும் என்று நான் துணியமாட்டேன். ஆனால் மறுத்தவர்க்கு மறுப்பது அத்துணை எளிதாக இருந்திராது. மேல்முறையீட்டிற்கேனும் அஃது ஒரு பிடியாக இருந்திருக்கும். ‘நிவாரணம்’ என்னும் சொல்லைத் திருத்தத் தெரிந்த எனக்கு, நிவாரணத்தை வாங்கித்தரத் தெரியவில்லை.

தமிழன்பர்களே, இதனை நம் எல்லார்க்குமாகச் சொல்கின்றேன். சொற்களைத் தூய்மை செய்வது வேண்டும். அதில் ஓரணுவும் நான் பின்வாங்கேன். அயற்சொல் மிகுந்த அலுவல்நடை எளியவர்க்குப் பூட்டிய கதவு. அதனைத் திறக்கத் தமிழே திறவுகோல். ஆயின் திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அதன் அழகைப் பாடிக்கொண்டிருந்தால் கதவு திறவாது. ஒவ்வோர் ஊரிலும் தமிழ் கற்றார் இருவர், மழைக்காலத்திற்கு முன்பே, மாடு வைத்திருப்போர் வீடுகளுக்குச் செல்வோம். காதுவில்லை எண்ணையும் குடும்ப அட்டை எண்ணையும் ஓர் ஏட்டில் எழுதி, மாட்டை உடையவரோடு நிறுத்தி ஒளிப்படமும் எடுத்து வைப்போம். இதற்குப் பொருட்செலவு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். தமிழ்த்தொண்டு என்பது இதனையும் உள்ளிட்டதே.

திருவாரூரில் ஒரு சோழன் இருந்தான் என்று வழிவழியாகக் கேட்டு வருகின்றோம். தேர்க்காலிற் கன்றை இழந்த ஆ மணியை அசைத்தது. அரசன் எழுந்து வந்தான். தன் மகனையே தேர்க்காலில் இட்டான். அவனுக்கு மனுவின் பெயரை யார் சூட்டினரோ! கன்றுக்கு முறைசெய்த சோழன் என்பதே அவனுக்குத் தகும் பெயர். அவன் சிலை சென்னை உயர்முறைமன்ற வளாகத்தில் நிற்கின்றது. அக்கதையில் நான் வியப்பது மகனைக் கொன்ற கடுமையை அன்று; அஃது இக்காலத்திற்கு ஒவ்வாதது. நான் வியப்பது, அவ்வரசன் ஆவிடம் சான்று கேட்கவில்லை என்பதை. மணியோசை கேட்டதும் வாயிலுக்கு வந்தான். என்ன நேர்ந்தது என்று தானே வினவி அறிந்தான்.

இங்கே இன்று மணி தொங்கவில்லை, தாள்தான் தொங்குகின்றது. அத்தாளிற் கன்றின் விலை 20,000 உருபா என்று எழுதியிருக்கின்றது. இராசகீழ்ப்பாக்கத்து அம்மையாரின் கன்று எங்கே போயிற்று என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

வரும் வடகிழக்குப் பருவக்காற்றிற்கு முன் நாம் கேட்போம். கேட்டுப் பெறுவோம். மாடு என்றால் செல்வம் என்று வகுப்பறையில் பொருள் சொல்லும் ஆசிரியன் ஒவ்வொருவனும், அச்சொல்லுக்குத் தெருவிலும் பொருள் இருக்கச் செய்யக் கடவன்.